பெரியவரின் கால்மாட்டில்

இந்த வெயில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் போதும், எழுத்து தெரிந்துவிடும், சாய்ந்த வெயிலில்தான் தேய்ந்த எழுத்துக்கு நிழல் விழும், நிழல் விழுந்தால்தான் அது எழுத்து, இல்லாவிட்டால் சொறி பிடித்த கல், என்று சலேத்மேரி நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். வெயிலையே காணோம். மேற்கே மலைப்பக்கம் கருகருவென்று திரண்டு கிடந்தது. நல்ல நாள் பார்த்தது போ. வருஷம் பூராவும் மண்டையைப் பிளக்கிற ஊரில் இன்றைக்குப் பார்த்து, கல்லறைத் திருநாள் அன்றைக்குப் பார்த்து, பங்குச் சாமி தீர்த்தம் தெளிக்க வருவதற்குள் இந்தக் கல்லில் ஒரு பேரை வாசித்தே ஆக வேண்டிய மத்தியானத்தில் பார்த்து இப்படி இருட்டிக்கொண்டு வந்தால் அவள் என்னதான் செய்வாள். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கமிட்டித் தலைவர் தைரியநாதன் மைக்கைப் பிடித்துச் சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் புதுக்குழிக்கு இடமில்லையாம். அதனால் பேர் வாசிக்க முடியாத பழைய கல்லறை, சொந்தம் என்று யாரும் வந்து நிற்காத கல்லறை, இதற்கெல்லாம் திருநாள் அன்றைக்கே, சாமி தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்போதே பின்னாலேயே சிவப்புப் பெயிண்டில் அடையாளம் போடுவார்களாம். அப்புறம் கல்லைப் பெயர்த்து, மண்ணைத் தோண்டி, அகப்படுகிற எலும்பைப் பொதுக்குழியில் போட்டுவிட்டு இடத்தை எடுத்துக்கொள்வார்களாம். கோயிலில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நல்ல ஏற்பாடுதானே. சலேத்மேரியும் ஆட்டினாள். ஆட்டிவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடினாள், காலில் மாட்டிய பிறகும் தேடிக்கொண்டே இருந்தாள்.

இந்தக் கல் அவளுக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. யாரோ ஒரு பெரியவர். பெரியவர் என்று அவளாக வைத்துக்கொண்டதுதான், பொம்பளையாகக்கூட இருக்கலாம், ஆனால் இத்தனை வருஷம் பெரியவரே பெரியவரே என்று கூப்பிட்டாயிற்று, இனிமேல் மாற்ற முடியாது. மதில் ஓரத்தில், கடைசி வரிசையில், ஒரு பக்கம் சரிந்து நிற்கிற பளிங்குக் கல். பளிங்கு என்று யாரும் நம்பமாட்டார்கள், அவ்வளவு கறுப்பு, அவ்வளவு பாசி. பெரியவரின் கால்மாட்டில், மதிலுக்கும் மேட்டுக்கும் நடுவே, ஒரு முழ இடத்தில் அவளுடைய மகள் இருக்கிறாள். இருக்கிறாள் என்றுதான் அவளுக்குச் சொல்ல வரும். கிடக்கிறாள் என்று சொல்ல வாய் வராது. ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைகளுக்கென்று தோட்டத்தின் மூலையில் தனி இடம் உண்டு, கல்லும் கிடையாது, சிலுவையும் கிடையாது. அவள் மகள் பிறந்த அந்த ஐப்பசியில் மூலை பூராவும் முழங்கால் தண்ணீர். மாமனார் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனதை, குழி வெட்டுகிற சந்தியாகு கையில் வாங்கி, அவரைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டாராம். பிறகு ஒருநாள் சந்தையில் அவளைப் பார்த்தபோது, கத்தரிக்காய்க் குவியலைப் பார்த்துக்கொண்டே, "தண்ணிக்குள்ள எப்படித்தாயி வைக்கிறது, மனசு கேக்கல. மதிலோரத்துப் பளிங்குக் கல் இருக்குல்ல, அதோட கால்மாட்டுல வச்சிருக்கேன். மேடு, ஈரம் அண்டாது. யார்கிட்டயும் சொல்லிறாத, என் சோத்துல மண்ணு விழுந்துரும்" என்றார். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சந்தியாகு போய்ச் சேர்ந்தாயிற்று. இப்போது இந்த ஒரு முழம் அவளுக்கும் கடவுளுக்கும் பெரியவருக்கும் மட்டும் தெரிந்த இடம். பெரியவர்தான் வீட்டுக்காரர். அவள் மகள் வாடகை இல்லாமல் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்காரரை வெளியேற்றினால் ஒண்டிக்கொண்டவளை யார் கேட்கப்போகிறார்கள்? எலும்புகூட இருக்காது. அன்றைக்குப் பிறந்த பிள்ளைக்கு எலும்பு என்ன எலும்பு, பூவின் காம்பு மாதிரி இருந்திருக்கும், மண்வெட்டி ஒரு போடு போட்டால்... நினைக்காதே. தேய்.

தேய்த்தாள். முந்தினநாளே வந்து கல்லின்மேல் தண்ணீர் ஊற்றி ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுப் போயிருந்ததால் பாசி ஊறி, தேங்காய் நாருக்கே தோல் தோலாக உரிந்து வந்தது. எழுத்து இருக்கிற இடத்தில் நார் ஆகாது. மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, ஒவ்வொரு குழியாக, காதில் அழுக்கெடுக்கிற மாதிரி எடுக்க வேண்டும். பிறகு கரித்தூளைக் குழைத்து மேலே பூசி, ஈரத்துணியால் ஒரே இழுப்பாக இழுத்தால் மேல்கரி போய்க் குழிக்கரி தங்கும், எழுத்து மெல்ல எழும்பும். எழும்ப வேண்டும். எங்கே எழும்புகிறது? மழையும் வெயிலும் தின்று குழியே இல்லாமல் வழுவழுவென்று ஆக்கி வைத்திருக்கிறதே. "ஏன் பெரியவரே, ஒங்களுக்கு ஒரு பிள்ளைகுட்டி கிடையாதா? வருசத்துக்கு ஒருக்கா வந்து ஒரு கைத்தண்ணி ஊத்த நாதியில்லையா?" என்று வாய்விட்டே திட்டினாள். திட்டியதும் பாவமாக இருந்தது. அவர் என்ன செய்வார். பிள்ளைகள் எங்கேயோ கப்பலேறிப் போயிருக்கும், பிள்ளையின் பிள்ளைக்கு இந்த ஊர் இருக்கிற திசைகூடத் தெரியாது. நான்கூட யோக்கியமா? இத்தனை வருஷமாக மாமனார் மாமியார் கல்லறையைக் கழுவிவிட்டு, மிச்சத் தண்ணீரைத்தானே இங்கே கொண்டுவந்து ஊற்றினேன், மிச்ச மெழுகுவர்த்தியைத்தானே ஏற்றினேன், யாராவது பார்த்தால் அனாதைக் கல்லறை, புண்ணியமாகப் போகட்டும் என்று சிரித்தேன். பேரை வாசிக்க வேண்டும் என்று ஒருநாளாவது தோன்றியதா. எழுத்து அப்போது இன்னும் கொஞ்சம் இருந்திருக்கும். இப்போது வந்து குடைந்தால்.

"இந்தா மேரி, இங்க என்ன பண்ணிக்கிட்டிருக்க?" என்று தலைக்குமேல் குரல் கேட்டது. அவள் புருஷன் வியாகுலம். முன்வரிசையில் அப்பா அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, கையெல்லாம் வெள்ளையாக நின்றான். "பூவெல்லாம் பையிலயே வாடுது. சாமி வர்ற நேரத்துல அங்க ஆளில்லாட்டி நல்லாவா இருக்கும்?" அவள் குனிந்தபடியே, "இந்தா வந்துர்றேன். இது ஒரு பாவப்பட்ட கல்லு, சிவப்புப் பெயிண்ட் அடிச்சிருவாங்க" என்றாள். "அடிச்சா அடிக்கட்டும். ஒனக்கென்ன?" எனக்கென்ன. இவரிடம் சொல்லிவிடலாமா. சொன்னால் என்ன சொல்வார்? அன்றைக்கு இவர் வீட்டில் இல்லை, நாக்பூர்ப் பக்கம் லாரியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தார். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீடு கழுவிக் காய்ந்திருந்தது. வாசலில் நின்று அவளைப் பார்த்தார், பால் கட்டி நனைந்திருந்த ரவிக்கையைப் பார்த்தார், பார்வையைத் திருப்பி, "சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு பேச்சு கிடையாது. பையன் பிறந்தான், படித்தான், திருப்பூருக்குப் போனான், ஒரு பேச்சு கிடையாது. கல்யாண வீடுகளில் யாராவது உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்கும்போது இவர் முந்திக்கொண்டு ஒரே பையன் என்பார். அந்த ஒரே என்கிற சொல் ஒவ்வொரு தரமும் மீன்முள் மாதிரி அவள் தொண்டையில் நின்றுகொள்ளும். மறந்துவிட்டார். ஆம்பளைக்கு மறந்துவிடும், வயிற்றில் சுமந்தவளா என்ன. "நீங்க போங்க, பூவை நனைச்சு வைங்க, வந்துர்றேன்" என்றாள். அவன் போகவில்லை. கொஞ்சநேரம் அந்தக் கல்லையும் மதிலையும் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பக்கத்தில் வைத்திருந்த, தன் லாரிப் பெட்டியிலிருந்து எடுத்த கறுப்புப் பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் பார்த்தான். பிறகு போய்விட்டான்.

வாளியில் கை விட்டபோது தண்ணீர் சுரீரென்று குளிர்ந்தது. தண்ணீர். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. குடிக்க வைத்தது. பிள்ளை அழவில்லை, பூனைக்குட்டி மாதிரி மெதுவாக முனகியது, உதடு நீலம் பாரித்தது. மாமியார் ஐயோ ஆண்டவரே என்று முக்காட்டை இழுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் கோயில் உபதேசியாரைக் கூட்டிவர ஓடினாள். உபதேசியார் வந்து தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமாம். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் ஊற்றலாம், இந்துகூட ஊற்றலாம், மூன்று தரம் ஊற்றிச் சொல்ல வேண்டியதைச் சொன்னால் போதும் என்று ஞானோபதேச வகுப்பில் எல்லாரும்தான் படித்தார்கள். மாமியாரும் படித்தவள்தான். சலேத்மேரியும் படித்தவள்தான். ஆனால் அந்த நேரத்தில் ஒருத்திக்கும் கை வரவில்லை. பெரிய காரியத்தைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும் என்று ஊறிப்போன புத்தி. உபதேசியார் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது முனகல் நின்றிருந்தது. செம்பு அப்படியே இருந்தது. தளும்பத் தளும்ப. அந்தச் செம்பை அவள் இப்போதும் வைத்திருக்கிறாள், அதில் யாருக்கும் தண்ணீர் கொடுப்பதில்லை, அரிசி அளக்கிறாள். தண்ணீர் படாத பிள்ளை ஆண்டவர் முகத்தைப் பார்க்க முடியாது, நெருப்பும் இல்லை வெளிச்சமும் இல்லை, நடுவில் ஓர் இடம் என்று அந்தக் காலத்துக் கன்னியாஸ்திரி சொன்னார்கள். இப்போது வருகிற சாமிமார் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அப்படி ஓர் இடம் இல்லையென்றால் இத்தனை வருஷம் என் பிள்ளை எங்கே இருந்தது? யாரைக் கேட்பது? கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். அதே கன்னியாஸ்திரிதான் எமரன்சியா கதையும் சொன்னார்கள். ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன்னாலேயே, தோழியின் கல்லறையில் முழங்கால் போட்டு ஜெபித்துக்கொண்டிருந்தபோது கல்லால் அடித்துக் கொன்றார்களாம். தண்ணீர் படாமலே நேராக மோட்சத்துக்குப் போன பெண் பிள்ளை. சொந்த ரத்தமே அவளுக்குத் தண்ணீர் ஆகிவிட்டதாம். வகுப்பில் தூங்கிக்கொண்டே கேட்டது, அந்த மழை ராத்திரிக்குப் பிறகு எங்கிருந்தோ திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. எமரன்சியா. வைக்காத பேர். எழுதாத பேர். உதட்டைக் கூட்டி ஒருதரமும் சொல்லாத பேர். சொல்லிப்பார்க்கப் பயம். சொன்னால் திரும்பிப் பார்க்கும், அம்மா என்று கேட்கும், அப்புறம் எப்படி விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது.

முன்பக்கம் பெரிய சிலுவையடியில் பாட்டு தொடங்கிவிட்டது. அடக் கடவுளே, வந்துவிட்டார்கள். சலேத்மேரி குச்சியை வேகமாக ஓட்டினாள். குச்சி ஒடிந்தது. வேறு எடுத்தாள். மேலே ஒரு சிலுவை, அது தெரிகிறது, சிலுவை யாருக்குத்தான் இல்லை. கீழே ஒரு நீள வரி. வரியின் கடைசியில் கரி தங்கி ஏதோ எழும்புகிறது, கடவுளே, எழும்புகிறது, ய, ப், ப, ன். யப்பன்! பெரியவரே, நீர் ஆம்பளைதான், நான் அப்போதே சொன்னேன். ராயப்பனா, சூசையப்பனா, ஆரோக்கியப்பனா? முன்னால் இருக்கிற எழுத்தைக் காட்டும், ஒரே ஒரு எழுத்து, ஒரு கொம்பு, ஒரு சுழி, கால்கை தெரிந்தால்கூடப் பிடித்துக்கொள்வேன். கன்னத்தைக் கல்லோடு வைத்துச் சாய்த்துப் பார்த்தாள். விரலால் தடவிப் பார்த்தாள், கண் தெரியாதவள் முகத்தைத் தடவுகிற மாதிரி. ஒன்றும் இல்லை, வெயில் மட்டும் இருந்தால், ஒரு விரற்கடை வெயில். பாட்டு நகர்ந்துகொண்டிருந்தது. முதல் வரிசை முடிகிறது. புதுசாக வந்திருக்கிற இளம் சாமி ஒவ்வொரு கல்லறையிலும் நின்று, பேர் கேட்டு, அந்தப் பேரைச் சொல்லி ஜெபித்து, தீர்த்தம் தெளிக்கிறார், நிதானமாக, நல்ல பிள்ளை. பின்னால் தைரியநாதன், கையில் பெயிண்ட் டப்பா. இரண்டாவது வரிசையில் ஒரு கல்லின் முன் குனிந்தார், நிமிர்ந்தார், குனிந்த இடத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. அவ்வளவு சுளுவாக. கொத்தனார் செங்கல்லை எண்ணுகிற மாதிரி. சலேத்மேரி குச்சியைப் போட்டுவிட்டு நாரை எடுத்தாள்.

"என்ன புள்ள இப்படிக் கிடந்து மாரடிக்கிற?" என்றாள் பக்கத்துக் கல்லறைப் புஷ்பத்தக்கா. அவள் தன் வீட்டுக்காரர் கல்லறைக்கு டைல்ஸ் பதித்திருந்தாள், பாத்ரூம் மாதிரி பளபளவென்று. "நாரு போட்டுத் தேச்சா விடியுறவரைக்கும் தேக்கணும். இந்தா, கொஞ்சம் மிச்சமிருக்கு, ஊத்து. எங்க வீட்டுக்காரரு எப்படி ஜொலிக்கிறாரு பாரு. எழுத்து பளிச்சுன்னு வந்துரும்." பச்சைப் பாட்டில், பாத்ரூம் ஆசிட், கூடவே ஒரு கம்பி பிரஷ். நல்ல மனசோடுதான் கொடுத்தாள். சலேத்மேரியும் யோசிக்கவில்லை. யோசிக்க எங்கே நேரம், மூன்றாவது வரிசைக்கு வந்துவிட்டார்கள். கவிழ்த்தாள். ஊற்றிய இடமெல்லாம் புஸ்ஸென்று நுரை பொங்கியது, சோடா உடைத்த மாதிரி, கல்லே மூச்சு விடுகிற மாதிரி. அழுக்கு போகிறது, அப்பா, எவ்வளவு அழுக்கு, இதை முதலிலேயே செய்திருக்கலாமே! கண் எரிந்தது, தொண்டை கரித்தது, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள், நுரை அடங்குவதற்குள் மிச்சத்தையும் ஊற்றினாள், மறுபடி பொங்கியது, மறுபடி தேய்த்தாள், வாளித் தண்ணீரை அப்படியே தூக்கிச் சாய்த்தாள். வெள்ளை. பால் வெள்ளை. பிறந்த அன்றைக்கு எப்படி இருந்திருக்குமோ அப்படி ஒரு வெள்ளை. கல்லைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே யப்பனைத் தேடினாள். தேடினாள். கையை வைத்தாள். கையில் உப்பு மாதிரி, சீனி மாதிரி, பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியது. அழுக்கில்லை. கல். கல்தான் நுரைத்திருக்கிறது. கல்தான் கரைந்து ஓடியிருக்கிறது. யப்பன் இல்லை. மேலே இருந்த சிலுவையும் பாதி இல்லை.

ஐயோ. ஐயோ பெரியவரே. டைல்ஸுக்கு ஊற்றுகிறதைப் பளிங்குக்கு ஊற்றலாமா என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியதா இந்தப் பாவி மண்டைக்கு. மழை அரிக்காததை, வெயில் தின்னாததை, இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சம் வைத்திருந்தீரே, நாலே நாலு எழுத்து, அதை ஒரு பாட்டிலில் முடித்துவிட்டேனே. என் பிள்ளைக்கு இடம் கொடுத்தவரை நானே கழுவி ஊற்றிவிட்டேனே. உம்மைத் தேடி இனிமேல் யாராவது வந்தால், கப்பலேறிப் போனவனின் பேரனே வந்தால், என்னத்தைக் காட்டுவது? "என்னடி இது, ஒண்ணையும் காணோம்!" என்று புஷ்பத்தக்கா வாயில் கை வைத்தாள். பாட்டு பக்கத்தில் வந்துவிட்டது, மெழுகு வாசனையும் சாம்பிராணிப் புகையும் மழை வாசனையும் ஒன்றாக வந்தன. என்ன சொல்வது. சூசையப்பன் என்று சொல்லிவிடலாம். எங்கள் தாத்தா சூசையப்பன், அவ்வளவுதான், யார் தோண்டிப் பார்க்கப்போகிறார்கள். தோண்டத்தானே போகிறார்கள். தைரியநாதனுக்கு ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தாத்தா யார், பாட்டி யார் என்று மனப்பாடம், உங்க தாத்தா எப்போது இங்கே வந்தார் என்பார். சரி, தாத்தா வேண்டாம், தூரத்துச் சொந்தம். சாமி கையில் தீர்த்தத்தோடு நிற்கும்போது பொய் சொல்வதா? சொல்லலாம், பிள்ளைக்காக எந்தத் தாய்தான் சொல்லவில்லை. சூசையப்பன். சூசையப்பன். சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி உதடு அசைந்தது. முந்தானையால் கல்லைத் துடைத்தாள், கண்ணைத் துடைக்க அதே முந்தானைதான், ஆசிட் பட்டுக் கண் இன்னும் எரிந்தது.

"யாரும்மா இங்க?" என்றார் சாமி. மீசை சரியாக முளைக்காத முகம், நடந்து நடந்து வேர்த்திருந்தது. பின்னால் கூட்டம். கூட்டத்தில் வியாகுலமும் இருந்தான். முன்வரிசையில் அப்பா கல்லறைக்குத்தான் தீர்த்தம் தெளித்தாயிற்றே, இவர் இங்கே என்ன செய்கிறார்? "பேரைச் சொல்லுங்கம்மா. பேர் சொல்லித்தானே ஜெபிக்கணும்." சலேத்மேரி வாயைத் திறந்தாள். சூசையப்பன் என்றுதான் திறந்தாள். சாமி கையிலிருந்த தீர்த்த வாளியில் தண்ணீர் தளும்பியது. தளும்பத் தளும்ப. ஊற்றுவதற்கு ஆள் இல்லாமல்.

"எமரன்சியா" என்றாள்.

குரல் அவளுடையது மாதிரியே இல்லை. சாமி தலையசைத்தார், அவருக்கென்ன தெரியும், ஏதோ வயசான பாட்டி என்று நினைத்திருப்பார். "ஆண்டவரே, இங்கே இளைப்பாறும் உமது மகள் எமரன்சியாவை நினைவுகூர்ந்தருளும்" என்று உரக்கச் சொன்னார். மகள் எமரன்சியா. கூட்டம் ஆமென் என்றது. சலேத்மேரி தாவிக் குனிந்து, கால்மாட்டில் கிடந்த சாக்கையும் நாரையும் இழுத்து அப்பால் எறிந்தாள். வெறும் மண். சாமி கையை வீசினார். தண்ணீர் கல்லில் பட்டது, மேட்டில் பட்டது, அந்த ஒரு முழத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்து குழி குழியாக இறங்கியது. ஒருதரம். இரண்டாம் தரம். மூன்றாம் தரம். மதிலைப் பிடித்துக்கொண்டாள். போதும், இனிமேல் பெயிண்ட் அடித்தாலும் அடிக்கட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, அடிக்க விடமாட்டேன் என்றும் தோன்றியது.

சாமி அடுத்த கல்லறைக்கு நகர்ந்தார். தைரியநாதன் நகரவில்லை. "ஏம்மா, இது பழைய கல்லறைல்ல? கல்லுல ஒரு எழுத்தக் காணோம். எமரன்சியாங்கிறது யாரு?" என்று பிரஷ்ஷை டப்பாவில் முக்கினார். அவள் வாயைத் திறப்பதற்குள், "எங்க மூத்த மக" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வியாகுலம். சுண்ணாம்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தான்.

"ஒனக்கு ஒரே பையன்லப்பா?"

"மூத்தது பொண்ணு. பிறந்தன்னைக்கே போயிருச்சு. நான் ரோட்டுல இருந்தேன்." அவன் தைரியநாதனைப் பார்க்கவில்லை, அந்த ஒரு முழ மண்ணைப் பார்த்தே பேசினான். "இந்தப் பெரியவரு கால்மாட்டுலதான் வச்சிருக்கு. சந்தியாகு சாகுறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில வச்சு எங்கிட்டச் சொன்னாரு. நான்தான் வந்து நிக்கல. நின்னா ஒடைஞ்சு போயிருவேன்னு நிக்கல. இப்பச் சொல்றேன், இது எங்க குடும்பத்துக் கல்லறை. பெயிண்ட் அடிக்கணும்னா என்மேல அடிங்க." தைரியநாதன் பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றார். சிவப்பு ஒரு சொட்டு அவர் செருப்பில் விழுந்தது. "அதுக்கில்லப்பா..." என்றார். "பேரை எழுதி வைங்க. எழுதாத கல்ல என்னால விடமுடியாது. காலையில வந்து பாப்பேன்" என்று சொல்லிவிட்டு சாமி பின்னால் போனார்.

தெரியுமா. இவருக்குத் தெரியுமா. தெரிந்துகொண்டா இத்தனை வருஷம் ஒரே பையன் ஒரே பையன் என்று சொல்லித் திரிந்தார், பாவி மனுஷா, நான் ஒருத்தியாகச் சுமக்கிறேன் என்றல்லவா நினைத்தேன், நீயும் தனியாக ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டா அலைந்தாய். அடிக்க வேண்டும் போல இருந்தது. அவன் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அடித்த கையை எடுக்கவில்லை, அங்கேயே சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், புஷ்பத்தக்கா பார்க்கிறாள் என்றுகூட இல்லாமல். கொஞ்சம் அடங்கியதும் அவன் குனிந்து, கறுப்புப் பெயிண்ட் டப்பாவை நெம்பித் திறந்தான். லாரிக்கு நம்பர் எழுதிப் பழகிய கை. கல்லின் ஈரத்தைத் தன் துண்டால் ஒற்றி எடுத்தான். "நல்ல பேரு. எப்ப வச்ச?" என்றான். "அன்னைக்கே" என்றாள். அவன் பிரஷ்ஷைக் கல்லுக்குக் கொண்டுபோனபோது அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "இருங்க. முதல்ல பெரியவரை எழுதுங்க. அவருதானே வீட்டுக்காரரு."

"அவரு பேரென்ன?"

"முழுசாத் தெரியல. யப்பன்னு முடியும். முன்னாடி இருந்ததையும் சேத்து நான் அழிச்சுப்புட்டேன்." "முன்னாடி இடம் விட்டு எழுதுங்க. யாராவது தெரிஞ்சவுக வந்தா எழுதிக்கட்டும். பாப்பாவ அவருக்குக் கீழ எழுதுங்க."

வியாகுலம் கல்லின் இடதுபக்கம் ஒரு சாண் வெறுமனே விட்டுவிட்டு எழுதத் தொடங்கினான். மலைப்பக்கமிருந்து முதல் தூறல் விழுந்தது. பெயிண்ட் காய வேண்டுமே என்று சலேத்மேரி முந்தானையை விரித்து அவன் கைக்கு மேலே பிடித்துக்கொண்டாள்.